அமெரிக்காவில் டெலிஹெல்த் நர்ஸ் வேலை: உங்கள் லைசென்ஸ் எந்த மாநிலம் வரை செல்லும்?

என்சிலெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வை எழுதி ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், ஆகி அமெரிக்காவுக்கு வந்த நம் ஊர் நர்ஸ்கள் பலர் இப்போது வீட்டிலிருந்தே போனிலோ கணினியிலோ நோயாளியைக் கவனிக்கும் டெலிஹெல்த் வேலையைத் தேடுகிறார்கள். போன் ட்ரையாஜ் (போனில் அறிகுறியைக் கேட்டு எவ்வளவு அவசரம் என்று தீர்மானிப்பது), டிஸ்சார்ஜ் ஆனவரை மறுநாள் கூப்பிட்டு விசாரிப்பது, வீட்டில் இருக்கும் நோயாளியின் பிரஷர், சுகர் அளவுகளைத் தொலைவிலிருந்து கண்காணிப்பது, இன்சூரன்ஸ் கம்பெனியில் கேஸ் மேனேஜ்மென்ட் என்று வேலைகள் நிறைய இருக்கின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது பெரிய நிம்மதி. ஆனால் வார்டு வேலையில் எழாத ஒரு கேள்வி இங்கே தினமும் எழும். இந்த நோயாளியிடம் பேச எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா?

வார்டில் நீங்களும் நோயாளியும் ஒரே கட்டடத்தில் இருக்கிறீர்கள். போனில் நீங்கள் டாலஸில் இருப்பீர்கள், அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருப்பார். அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸைக் கொடுப்பது மாநில அரசின் நர்சிங் போர்டு. நாடு முழுவதும் செல்லும் ஒரே லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. நோயாளி அந்த நேரத்தில் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ, அங்கேதான் நர்சிங் நடக்கிறது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கம்பெனி எங்கே பதிவாகியிருக்கிறது, நோயாளியின் சொந்த வீடு எங்கே, அவரது டாக்டர் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் இதை மாற்றாது. கீழே வரும் எல்லாமே இந்த ஒரு விதியிலிருந்து கிளைப்பவை. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் கையில் இருப்பது என்ன லைசென்ஸ் என்று பாருங்கள்

நர்ஸ் லைசென்ஸ் இரண்டு வகை. ஒரே மாநிலத்துக்குள் செல்லும் சிங்கிள் ஸ்டேட் லைசென்ஸ் ஒன்று. காம்பாக்ட் என்று எல்லோரும் சொல்லும் மல்டிஸ்டேட் லைசென்ஸ் இன்னொன்று. காம்பாக்ட் என்பது மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். 2000-இல் சில மாநிலங்களோடு தொடங்கியது. 2018 ஜனவரி 19 முதல் புதுப்பிக்கப்பட்ட வடிவம் நடைமுறைக்கு வந்தது. இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப் பகுதிகளும் இதற்கான சட்டத்தை நிறைவேற்றியிருக்கின்றன. உங்கள் சொந்த மாநிலம் கொடுத்த மல்டிஸ்டேட் லைசென்ஸ் இருந்தால், மற்ற காம்பாக்ட் மாநிலங்களில் இருக்கும் நோயாளிகளுக்கும் நேரிலோ போனிலோ சேவை செய்யலாம். ஆர்.என்., அதற்கு அடுத்த நிலை நர்ஸான எல்.பி.என். இரண்டுக்கும் இது பொருந்தும். டெக்சஸில் எல்.வி.என். என்று அழைக்கப்படுபவரும் எல்.பி.என். வகைதான்.

நீங்கள் காம்பாக்ட் மாநிலத்தில் வசிப்பதாலேயே உங்களிடம் இருப்பது மல்டிஸ்டேட் என்று எண்ணிவிடாதீர்கள். டெக்சஸ் கொடுத்த சிங்கிள் ஸ்டேட் லைசென்ஸோடு டெக்சஸிலேயே வசிக்கும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். நம்மவர்களில் இது சகஜம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சரிபார்க்க எளிய வழி நர்சிஸ் என்ற தேசியத் தகவல் தளம். நர்சிங் போர்டுகளின் பதிவுகளிலிருந்து நேராகத் தகவல் எடுக்கும் தளம் அது. அதில் குவிக் கன்ஃபர்ம் என்ற இலவசத் தேடலில் உங்கள் பெயரைப் போட்டால், லைசென்ஸ் எந்த வகை, எந்தெந்த மாநிலங்களில் வேலை பார்க்க அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் வரும். அந்த அறிக்கையைப் பிடிஎஃப்-ஆகச் சேமித்து வையுங்கள். வேலைக்கு எடுப்பவர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

மல்டிஸ்டேட் வாங்க என்ன வேண்டும்

காம்பாக்ட் மாநிலம் ஒன்று உங்கள் முதன்மை வசிப்பிடமாக இருக்க வேண்டும். இது முதல் நிபந்தனை. சொந்த வீடு வாங்கியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பதிவு, வருமான வரிப் படிவம் இவற்றில் எந்த மாநில முகவரி இருக்கிறது என்பதுதான் கணக்கு. நம்மில் கிரீன் கார்டுக்காரர்களால் ஓட்டுப் போட முடியாது. அதனால் டிரைவிங் லைசென்ஸும் வரிப் படிவமுமே கைகொடுக்கும். நியூஜெர்சிக்கு மாறிய பிறகும் பழைய மாநில டிரைவிங் லைசென்ஸையே வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

அதற்குமேல் காம்பாக்ட் மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவான 11 தகுதிகள் உண்டு. எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. வெளிநாட்டில் படித்தவரைப் பாதிப்பவை இவை: உங்கள் படிப்பை ஒரு சுயேச்சையான சான்று ஆய்வு நிறுவனம் சரிபார்த்திருக்க வேண்டும், ஆங்கிலவழியில் படிக்கவில்லை என்றால் ஆங்கிலத் தேர்வு தேறியிருக்க வேண்டும், என்சிலெக்ஸ் தேறியிருக்க வேண்டும், கைரேகை அடிப்படையிலான மாநில, மத்தியக் குற்றப் பின்னணிச் சோதனை முடிந்திருக்க வேண்டும், செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். கடும் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு மல்டிஸ்டேட் கிடையாது.

நம்மவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்தக் கடைசித் தகுதியில், சோஷியல் செக்யூரிட்டி எண்ணில்தான். எச்-4 விசாவில் கணவருடனோ மனைவியுடனோ வந்திருக்கும் நர்ஸுக்கு வேலை அனுமதி அட்டை, அதாவது இ.ஏ.டி., கிடைக்கும்வரை சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. எண் இல்லாமலேயே லைசென்ஸ் கொடுக்கும் மாநிலங்கள் சில இருக்கின்றன. ஆனால் அது சிங்கிள் ஸ்டேட்டாகத்தான் இருக்கும். இ.ஏ.டி. வந்து எண் கிடைத்ததும் பழைய லைசென்ஸ் தானாக மல்டிஸ்டேட் ஆகிவிடாது. போர்டுக்குத் தனியாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, வசிப்பிடச் சான்று காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். எண் வந்து வருடக்கணக்கான பிறகும் இதைச் செய்யாமல், வீட்டிலிருந்து பார்க்கும் வேலை ஒன்றும் அமையவில்லையே என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். ஒரு படிவம்தான் குறுக்கே நிற்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. விண்ணப்பத்தில் முதன்மை வசிப்பிடம் எது என்று கேட்பார்கள். விசாவில் வந்தவர் தன் தாய்நாட்டையும் சொல்லலாம், தற்போது வசிக்கும் காம்பாக்ட் மாநிலத்தையும் சொல்லலாம். இந்தியா என்று எழுதினால் சிங்கிள் ஸ்டேட் லைசென்ஸ்தான் வரும். பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே படிவம் நிரப்பும்போது கை தன்னிச்சையாக இந்தியா என்று எழுதிவிடும். கவனம்.

இபி-3 என்ற வேலைவழிக் கிரீன் கார்டுப் பிரிவில் கிரீன் கார்டோடு வருபவர்களுக்கு எண் பிரச்சினை இல்லை. அவர்களுக்குத் தாமதமாவது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வர வேண்டிய காகிதங்களால்தான். படித்த கல்லூரியிலிருந்து மதிப்பெண் விவரமும், பதிவு செய்த நர்சிங் கவுன்சிலிலிருந்து பதிவுச் சான்றும் ஆய்வு நிறுவனத்துக்கு நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். உங்கள் கையால் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்திருந்தால் சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில்தான் இடம். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் யார் இதைக் கவனிக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொண்டால், அமெரிக்காவில் உட்கார்ந்து நடு ராத்திரியில் போன் போடும் பாடு குறையும்.

காம்பாக்டில் இல்லாத மாநிலங்கள்

தமிழர்கள் நிறைந்த இரண்டு பெரிய மாநிலங்கள், கலிபோர்னியாவும் நியூயார்க்கும், காம்பாக்டில் இல்லை. இலினாய், மிச்சிகன், மினசோட்டா, ஓரிகன், நெவாடா ஆகியவையும் இதை எழுதும்போது வெளியேதான் இருக்கின்றன. இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் காம்பாக்டின் அதிகாரபூர்வ வரைபடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தைப் பார்க்கும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. சட்டம் நிறைவேறுவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. பென்சில்வேனியா 2021-இல் காம்பாக்ட் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் மத்தியப் பின்னணிச் சோதனைக்கான ஏற்பாடு முடியாததால், 2023 செப்டம்பரில் பாதிதான் திறந்தது: வெளி மாநில மல்டிஸ்டேட் நர்ஸ்கள் பென்சில்வேனிய நோயாளிகளைக் கவனிக்கலாம், பென்சில்வேனிய நர்ஸ்களுக்கோ மல்டிஸ்டேட் கிடைக்காது என்ற நிலை. அது 2025 ஜூலை 7 அன்றுதான் மாறியது. மாசசூசெட்ஸ் 2024 நவம்பரில் சட்டம் இயற்றியது; அங்கேயும் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி இருந்தது. 'எங்கள் மாநிலமும் சேர்ந்துவிட்டது' என்று செய்தியில் பார்த்ததும் வேறு மாநிலத்துக்குப் போன் போட ஆரம்பித்துவிடாதீர்கள்.

காம்பாக்டில் இல்லாத மாநிலத்து நோயாளியிடம் பேச அந்த மாநிலத்தின் லைசென்ஸைத் தனியாக வாங்க வேண்டும். இதற்கு என்டார்ஸ்மென்ட் என்று பெயர். என்சிலெக்ஸை மறுபடி எழுதத் தேவையில்லை. விண்ணப்பம், கட்டணம், கைரேகை, முந்தைய லைசென்ஸின் சரிபார்ப்பு, இவைதான் பொதுவாகக் கேட்பது. வெளிநாட்டில் படித்தவர் என்றால் சில மாநிலங்கள் கல்லூரிப் பதிவுகளை மறுபடி முதலிலிருந்து கேட்கும். கலிபோர்னியா இதில் கண்டிப்பானது. பிரசவம், குழந்தைகள் பிரிவு போன்ற பாடங்களில் வகுப்பும் வார்டு பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்தனவா என்றுகூடப் பார்ப்பார்கள். தேதிகளோடு தெளிவாக எழுதிய மதிப்பெண் விவரம் கையில் இருந்தால் பல மாதங்கள் மிச்சமாகும்.

நீங்களே கலிபோர்னியாவிலோ நியூயார்க்கிலோ வசிக்கிறீர்கள் என்றால் நிலைமை இன்னும் கடினம். காம்பாக்ட் மாநிலம் ஒன்று உங்களுக்குக் கொடுப்பது சிங்கிள் ஸ்டேட் லைசென்ஸாகத்தான் இருக்கும், ஏனென்றால் வசிப்பிடம் அங்கே இல்லை. எத்தனை மாநில நோயாளிகளோ அத்தனை லைசென்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனிப் புதுப்பிப்புத் தேதி, தனித் தொடர்கல்வி விதி. கலிபோர்னியா இரண்டு ஆண்டுக்கு 30 மணி நேரம் கேட்கிறது; டெக்சஸ் 20 கேட்கிறது, அதோடு லைசென்ஸ் வாங்கும்போது தன் நர்சிங் சட்டம் பற்றி ஒரு தேர்வும் வைக்கிறது. இத்தனை லைசென்ஸ்களை நிர்வகிப்பதே ஒரு பகுதிநேர வேலை ஆகிவிடும். கட்டணத்தையும் கணக்குப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள்.

கோவிட் காலத்தில் பல மாநிலங்கள் வெளி மாநில நர்ஸ்களுக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தன. மத்திய அரசின் நெருக்கடி அறிவிப்பே 2023 மே 11-இல் முடிந்துவிட்டது. மாநில விலக்குகளும் ஒவ்வொன்றாக முடிந்தன. 2020, 2021-இல் எழுதப்பட்ட குறிப்புகளும் யூடியூப் வீடியோக்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

முன்னாள் ராணுவத்தினருக்கான மத்திய அரசின் வி.ஏ. மருத்துவமனைகள் இந்தச் சிக்கலுக்கு வெளியே இருக்கின்றன. அங்கே ஊழியராகச் சேர்ந்தால் ஏதாவது ஒரு மாநில லைசென்ஸ் போதும். 2018-இல் வந்த மத்திய விதி, மாநில எல்லை தாண்டிய டெலிஹெல்த்தையும் அவர்களுக்கு அனுமதிக்கிறது.

வேலைக்குச் சேரும் முன் கேட்க வேண்டியவை

நேர்காணலில் சம்பளம், ஷிப்ட் எல்லாம் கேட்போம். லைசென்ஸ் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவோம், தகுதி இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று. நல்ல நிறுவனம் அப்படி நினைக்காது. எந்தெந்த மாநில நோயாளிகளின் அழைப்பு எனக்கு வரும்? என் லைசென்ஸ் செல்லாத மாநிலத்து அழைப்பை உங்கள் கணினியே வேறு நர்ஸுக்குத் திருப்பிவிடுமா, இல்லை நான்தான் பார்த்து மாற்ற வேண்டுமா? கூடுதல் லைசென்ஸ்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் புதுப்பிப்புக் கட்டணமும் யார் தருவார்கள்? நான் வேலையை விட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பீர்களா? பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். 'நம்ம ஆபீஸ் இந்த மாநிலத்தில்தான், அதனால் இங்கே லைசென்ஸ் இருந்தால் போதும்' என்று யாராவது சொன்னால், அங்கே விதி தெரியாதவர்கள் வேலை வாங்குகிறார்கள் என்று பொருள். பின்னால் விசாரணை வந்தால் போர்டின் முன் நிற்பது உங்கள் லைசென்ஸ்தான்.

தொழில்முறைக் காப்பீடு வைத்திருந்தால் டெலிஹெல்த்துக்கும் வெளி மாநில நோயாளிகளுக்கும் அது பொருந்துமா என்றும் பார்த்துவிடுங்கள்.

போனை எடுத்ததும்

வலி எங்கே என்று கேட்கும் முன், நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கணினியில் இருக்கும் முகவரியை நம்பாதீர்கள். பகுதிக் குறியீட்டை வைத்து ஊரை ஊகிக்கவும் வேண்டாம். பத்து வருடம் முன்பு ஹூஸ்டனில் வாங்கிய எண்ணை வைத்துக்கொண்டு மக்கள் சியாட்டிலில் வாழ்கிறார்கள். பென்சில்வேனியா முதியவர் குளிர்காலத்தில் ஃபுளோரிடாவில் இருப்பார். ஆஸ்டினில் வளர்ந்த பெண் பெர்க்லியில் கல்லூரி விடுதியில் இருந்து கூப்பிடுவாள். நியூயார்க்கில் வசிப்பவர் பிலடெல்பியாவில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பியிருப்பார். மறுநாள் நீங்கள் தையலைப் பற்றி விசாரிக்கும் அந்த அழைப்பு நியூயார்க்கில் நடக்கும் நர்சிங். ஆபரேஷன் எங்கே நடந்தது என்பது கணக்கில் வராது.

எனவே முதல் இரண்டு வாக்கியங்களைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நான் ஆர்.என். இன்னார் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "இந்த நிமிஷம் எந்த ஊரில், எந்த முகவரியில் இருக்கிறீர்கள்? பேச்சு நடுவில் கட்டாகிவிட்டால் எந்த எண்ணில் கூப்பிடலாம்?" பதிலை அப்படியே குறிப்பில் பதியுங்கள்: நோயாளி இன்ன மாநிலத்தில் இருப்பதாகச் சொன்னார், நேரம் இவ்வளவு. பின்னால் ஏதாவது கேள்வி வந்தால் உங்களைக் காப்பது அந்த ஒரு வரிதான்.

முகவரி கேட்பதற்கு லைசென்ஸைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நெஞ்சுவலியோடு பேசுபவர் திடீரென்று பேச்சிழந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் போனில் 911 அடித்தால் அது உங்கள் ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். டாலஸ் ஆம்புலன்ஸ் பாஸ்டனுக்கு வராது. நோயாளியின் ஊர் அவசர மையத்துக்கு 10 இலக்கத்தில் நேரடி எண் இருக்கும். முறையான ட்ரையாஜ் நிறுவனங்கள் அந்தப் பட்டியலை நர்ஸ் கையில் கொடுத்திருக்கும். சேர்ந்த முதல் நாளே அது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, நோயாளி உங்கள் லைசென்ஸ் செல்லாத மாநிலத்தில் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தான அறிகுறி என்றால் தயங்கவே வேண்டாம். 911-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், உதவி சேரும்வரை தொடர்பில் இருங்கள், நடந்ததை எழுதுங்கள். அவசர நிலையில் உதவியதற்காக எந்த நியாயமான போர்டும் உங்கள் மேல் பாயாது. அவசரம் இல்லை என்றால், அந்த மாநில லைசென்ஸ் உள்ள சக நர்ஸிடமோ அவரது டாக்டர் அலுவலகத்திடமோ அழைப்பை ஒப்படையுங்கள். 'இந்த ஒரு தடவைதானே' என்று ஆலோசனை சொல்லிவிட்டு வைப்பதுதான் ஆபத்தானது. நோயாளியிடம் கனிவாகச் சொல்லுங்கள்: உங்களைக் கவனிக்க அந்த மாநிலத்தில் அனுமதி பெற்ற நர்ஸோடு இணைக்கிறேன், நீங்கள் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை, நான் சொல்லிவிடுகிறேன். பயந்துபோய் கூப்பிட்டவருக்கு, விதியைக் காட்டித் தள்ளிவிட்டார்கள் என்ற எண்ணம் வரக் கூடாது.

எது நர்சிங், எது இல்லை

அப்பாயின்ட்மென்ட் நேரம் மாற்றுவது நர்சிங் இல்லை. அறிகுறியைக் கேட்டு மதிப்பிடுவது, எவ்வளவு சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது, மருந்து எப்படி எடுப்பது என்று விளக்குவது, வீட்டிலிருந்து வரும் பிரஷர் அளவைப் பார்த்து முடிவெடுப்பது எல்லாம் நர்சிங். படுக்கை அருகே நின்று செய்வது மட்டுமே நர்சிங் இல்லை என்பதைக் காம்பாக்ட் சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான். இன்சூரன்ஸ் கேஸ் மேனேஜர், ஆரோக்கிய ஆலோசகர், மருந்துக் கம்பெனியின் நோயாளி உதவி எண் போன்ற வேலைகளுக்குப் பெயர் வேறாக இருக்கும். என் அளவுகோல் எளிது. வேலைக்கு ஆர்.என். லைசென்ஸ் கட்டாயம் என்று விளம்பரத்தில் இருந்தாலோ, போனில் உங்களை நர்ஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாலோ, அதை நர்சிங் என்றே வைத்துக்கொண்டு லைசென்ஸைச் சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் நோயாளி இருக்கும் மாநிலத்தின் போர்டுக்கே மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மல்டிஸ்டேட் இருந்தாலும் அந்த மாநிலச் சட்டம்தான்

லைசென்ஸ் உங்கள் மாநிலத்துடையது, விதிகள் நோயாளி இருக்கும் மாநிலத்துடையவை. எல்.பி.என். ஒருவர் போனில் எதுவரை பேசலாம், எந்த இடத்தில் ஆர்.என். கையில் கொடுக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குழந்தை வதை சந்தேகம் எழுந்தால் எங்கே, எந்த எண்ணில், எவ்வளவு நேரத்துக்குள் புகார் தர வேண்டும் என்பதும் மாறும். அதிகமாக அழைப்பு வரும் மூன்று நான்கு மாநிலங்களின் நர்சிங் சட்டத்தையும் புகார் எண்ணையும் ஒரு பக்கத்தில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மாநிலத்தையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது.

வீடு மாறினால்

ஒரு காம்பாக்ட் மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு வீடு மாறினால், புதிய மாநிலத்தில் 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜனவரி 2 முதல் இந்தக் கெடு இருக்கிறது. புதிய லைசென்ஸ் வரும்வரை பழையதில் வேலை பார்க்கலாம், ஆனால் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். இரண்டு மாநிலத்தில் மல்டிஸ்டேட் வைத்திருக்க முடியாது. ஜெர்சி சிட்டியிலிருந்து ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனுக்குக் குடிபோனாலோ உங்கள் நியூஜெர்சி மல்டிஸ்டேட் சிங்கிள் ஸ்டேட்டாகச் சுருங்கிவிடும், மற்ற மாநில நோயாளிகள் கைவிட்டுப் போவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை யோசியுங்கள்.

கணவருக்கு வேலை மாறி வீடு மாறும் குடும்பங்களில் மனைவியின் லைசென்ஸ் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளி, வீடு, காருக்குச் செய்யும் அதே பட்டியலில் இதையும் முதல் வாரத்தில் சேருங்கள்.

நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு

மேலே சொன்ன காம்பாக்ட் உங்கள் ஆர்.என். லைசென்ஸுக்கு மட்டும்தான். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் உரிமைக்கு நோயாளி இருக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனி லைசென்ஸ் வேண்டும். உங்களுக்கென்று வேறொரு காம்பாக்ட் எழுதப்பட்டிருக்கிறது. 7 மாநிலங்கள் சட்டம் இயற்றினால்தான் அது உயிர் பெறும். டாக்டர்களின் காம்பாக்டும் வேறு மாதிரி: அது விண்ணப்பத்தைத்தான் வேகப்படுத்துகிறது, லைசென்ஸ் என்னவோ மாநிலத்துக்கு ஒன்றுதான்.

ஊருக்குப் போகும்போதும், ஊர்க்காரர்கள் கேட்கும்போதும்

மதுரைக்கு லீவில் போய் அங்கிருந்து லேப்டாப்பில் வேலை பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நோயாளி டெக்சஸில்தானே இருக்கிறார் என்பது நியாயமான வாதம்போல் தெரியும். ஆனால் நோயாளித் தகவல் நாட்டுக்கு வெளியே திறக்கப்படுவதை நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. எழுத்தில் அனுமதி இல்லாமல் செய்யவே கூடாது. மறுபக்கம், உங்கள் நோயாளி லீவுக்குச் சென்னை போய் அங்கிருந்து கூப்பிட்டால், அமெரிக்க லைசென்ஸ் எதுவும் அங்கே செல்லாது. அங்குள்ள மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் விதி வேறு. 2020 மார்ச் 25-இல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவின் எந்தப் பகுதியில் இருக்கும் நோயாளிக்கும் ஆலோசனை தரலாம். நர்ஸ்களை அது நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே உதவும் சுகாதாரப் பணியாளராகவே பார்க்கிறது. அங்கே பழகிய கண்ணோட்டத்தோடு இங்கே வந்து, டாக்டர் சொன்னதைத்தானே சொல்கிறேன், எனக்கு எதற்கு இன்னொரு மாநில லைசென்ஸ் என்று நினைப்பது இயல்பு. இங்கே நர்ஸின் மதிப்பீடு நர்ஸின் பொறுப்பு; டாக்டரின் லைசென்ஸ் உங்களை மூடிக் காக்காது.

அப்புறம் வாட்ஸ்அப் குழுக்கள். தமிழ்ச் சங்கக் குழுவில் நீங்கள் நர்ஸ் என்று தெரிந்தால், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குத் தலைசுற்றல், குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். கேட்பவர் சான் ஹோசேயில் இருப்பார், நீங்கள் அட்லாண்டாவில். இன்சூரன்ஸ் இல்லாத பெற்றோருக்காகக் கேட்கும்போது மறுக்க மனம் வராது. ஆனாலும் மருந்தின் அளவு சொல்லாதீர்கள், இது ஒன்றுமில்லை என்று தைரியம் சொல்லாதீர்கள். எந்த அறிகுறி இருந்தால் உடனே மருத்துவமனை போக வேண்டும் என்ற பொதுத் தகவலைச் சொல்லுங்கள். அருகிலுள்ள அர்ஜென்ட் கேர், குறைந்த கட்டணச் சமூக மருத்துவ மையம், அவர்களது இன்சூரன்ஸ் அட்டைக்குப் பின்னால் இருக்கும் நர்ஸ் உதவி எண் இவற்றைக் காட்டிக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். தமிழிலேயே உதவி கிடைக்கும் என்று தெரியாமல் தயங்கிக் கிடக்கும் வயதானவர்கள் நிறைய.

போர்டிலிருந்து கடிதம் வந்தால்

வேறு மாநிலத்து நோயாளி ஒருவர் புகார் செய்தால் அந்த மாநில போர்டு விசாரிக்கும். அங்கே வேலை பார்க்கும் உங்கள் உரிமையை அதனால் நிறுத்த முடியும். லைசென்ஸ் மேலேயே கை வைக்க முடிவது உங்கள் சொந்த மாநில போர்டால் மட்டும்தான். ஆனால் அது ஒரு கட்டுப்பாடு விதித்தால், மற்ற எல்லா காம்பாக்ட் மாநிலங்களிலும் உங்கள் உரிமை அப்போதே முடங்கும். வேலையும் பெரும்பாலும் அதோடு போகும்.

அதனால் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். அந்த மாநிலத்தில் நான் கால் வைத்ததே இல்லையே என்று எழுதி அனுப்பவும் வேண்டாம். கெடு தேதியைக் குறித்துக்கொண்டு, நர்ஸ் லைசென்ஸ் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரிடம் முதலில் பேசுங்கள். காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் அன்றே தெரிவியுங்கள். பல காப்பீடுகள் இந்த வழக்கறிஞர் செலவை ஏற்கும். கடிதம் பழைய வீட்டுக்குப் போய்த் தொலையாமல் இருக்க, முகவரி மாறும்போதெல்லாம் லைசென்ஸ் இருக்கும் ஒவ்வொரு போர்டிலும் மாற்றுங்கள். நர்சிஸில் இ-நோட்டிஃபை என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது. அதில் பதிந்துகொண்டால் உங்கள் லைசென்ஸ் நிலையில் எந்த மாற்றம் வந்தாலும், புதுப்பிப்புத் தேதி நெருங்கினாலும் மின்னஞ்சல் வரும். பதிய சில நிமிடம்தான் ஆகும், லைசென்ஸ் எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.